பல்கனி கேபினில் சின்னச் சின்னத் தொல்லையா? குறையைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

பல்கனி கேபினுக்கு மேலதிகமாகக் காசு கட்டுவதே காலையில் கடலைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக ஒரு தேநீர் குடிக்கத்தான். அந்த ஆசையோடு கொழும்பிலிருந்து குடும்பமாகச் சிங்கப்பூருக்குப் பறந்து அங்கே கப்பலேறுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். 2023 ஜூனில் சென்னையிலிருந்து எம்பிரஸ் என்ற பயணக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நம் துறைமுகங்களுக்கே வந்த பிறகு, எனக்குத் தெரிந்த வட்டத்தில் அதுவரை கப்பலைப் பற்றி யோசிக்காதவர்கள்கூட விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். போய்வந்தவர்களிடம் கேட்டால் சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொல்வார்கள், ஆனால் பல்கனியைப் பற்றிய முறைப்பாடு மட்டும் எல்லாரிடமும் ஏறத்தாழ ஒரேமாதிரி இருக்கும்: கதவு விசிலடித்தது, ஏசி நின்றுபோனது, பக்கத்து ஆள் புகைத்தார், காயப்போட்ட உடுப்பைக் காணவில்லை.

இதில் பாதிக்கு மேற்பட்டவை கதவோடும் காற்றோடும் சம்பந்தப்பட்டவை. காரணம் தெரிந்தால் நீங்களே சில நிமிடத்தில் சரிசெய்யலாம். மிச்சம் கப்பல் பணியாளர்கள் செய்யவேண்டிய வேலை, அதை அவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கீழே குறையைத்தான் தலைப்பாகப் போட்டிருக்கிறேன், உங்களுடையது எதுவோ அதற்குப் போங்கள். முதலாவது பகுதியை மட்டும் எல்லாரும் வாசியுங்கள், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள்.

பல்கனிக் கதவு திறக்க மறுக்கிறது, அல்லது படாரென்று அடித்துச் சாத்துகிறது

கதவு பழுதில்லை, காற்றழுத்தம்தான் காரணம். கப்பல் 20 நொட் வேகத்தில் போகிறது என்றால் அது மணிக்கு 37 கிலோமீட்டர். எதிர்க்காற்று 15 நொட் இருந்தால் பல்கனியில் நிற்கிற உங்களுக்கு அது 35 நொட்டாகப் படும், அதாவது மணிக்கு 65 கிலோமீட்டர் அளவு காற்று. இந்த நேரத்தில் பல்கனிக் கதவும் நடைபாதைப் பக்கத்துக் கதவும் ஒன்றாகத் திறந்தால் காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் பாயும். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கத் தொடர்மாடிகளில் கடல் பக்கக் கதவு திறந்திருக்கும்போது யாராவது வாசற்கதவைத் திறந்தால் என்ன நடக்கும் என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், கப்பலில் அதே விஷயம் இன்னும் பாரமான கதவோடு நடக்கிறது.

செய்யவேண்டியது இதுதான். பல்கனிக் கதவைத் தொடுவதற்கு முன் நடைபாதைக் கதவு முழுதாகச் சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள். குளியலறைக் கதவையும் சாத்துங்கள். அப்புறம் பல்கனிக் கதவின் கைபிடியை முழுக்கத் திருப்பி, முதலில் ஒரு விரற்கடை அளவு மட்டும் திறந்து, உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமனாகும் வரை சில விநாடி பொறுத்துவிட்டு மிச்சத்தைத் திறவுங்கள். திறக்கும்போதும் சாத்தும்போதும் கை கைபிடியில் மட்டும் இருக்கட்டும், கதவின் ஓரத்தையோ நிலையையோ பிடிக்கவே கூடாது. காற்று இழுத்தால் அந்தக் கதவை ஒரு பெரிய ஆளாலும் நிறுத்த முடியாது, விரல் நசுங்கிக் கப்பல் மருத்துவ நிலையத்துக்குப் போக வேண்டி வரும், அங்கே கட்டணம் கரையில் கொடுப்பதைவிடப் பல மடங்கு. ஒருவர் பல்கனியில் இருந்தால் மற்றவர் நடைபாதைப் பக்கம் போகும்போது "கதவைத் திறக்கப் போகிறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். இதைக் குடும்பத்துக்குள் ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் இருந்தால் இரண்டு விஷயம். பெரும்பாலான கதவுகளில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு பூட்டு இருக்கும், இல்லாவிட்டால் கேட்டால் சில கப்பல்களில் பொருத்திக் கொடுப்பார்கள். மற்றது, பல்கனிக் கதிரையையும் சின்ன மேசையையும் கம்பிப் பக்கம் விடாதீர்கள், சுவர்ப் பக்கம் இழுத்து வையுங்கள். பிள்ளை கதிரையில் ஏறி நின்றால் அந்தக் கம்பியின் உயரத்தால் ஒரு பயனும் இல்லை.

இரவில் கதவுப் பக்கம் விசில் சத்தம், சிலவேளை ஊளை

அதிகம் பேர் சொல்லும் குறை இதுதான். பத்தில் எட்டு என்று கணக்குச் சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் பார்க்கவேண்டிய இடம் எப்போதும் கைபிடிதான். கீல் வைத்த கதவென்றால் கைபிடி பாதியில் நின்றாலும் கதவு பூட்டியதுபோலத்தான் தெரியும், ஆனால் ஓரத்து ரப்பர் நிலையோடு முழுதாக அழுந்தியிருக்காது, அந்த நூலிழை இடைவெளியால் காற்று நுழையும்போது விசில் வரும். கதவை உங்கள் பக்கம் இறுக்கி இழுத்துக்கொண்டு, அல்லது கதவு எந்தப் பக்கம் சாத்துமோ அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு, கைபிடியைக் கடைசி வரை திருப்புங்கள். இழுக்கும் கதவென்றால் கீழே ஓடும் தண்டவாளத்தைப் பாருங்கள், உப்பும் மணலும் ஒரு தலைமயிரும் சேர்ந்தாலே கதவு சரியாகப் போய் உட்காராது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி சாத்துங்கள்.

அதற்குப் பிறகும் சத்தம் வந்தால் ஒரு டிஷ்யூவை மெல்லிய கீற்றாகக் கிழித்து, கதவின் ஓரம் முழுக்க மெதுவாக நகர்த்துங்கள். எந்த இடத்தில் அது ஆடுகிறதோ அங்கேதான் ஓட்டை. பெரும்பாலும் கீழ் மூலைதான். அன்றிரவு தூங்குவதற்கு ஒரு துவாயைச் சுருட்டி உள்பக்கமாக அந்த இடத்தில் இறுக்கி வைத்தால் போதும், கொஞ்சம் ஈரமாக்கினால் இன்னும் நன்றாக அடைக்கும். மறுநாள் காலை பராமரிப்பு ஆளை அனுப்பச் சொல்லுங்கள். "சத்தம் வருகிறது" என்று மட்டும் சொன்னால், ஆள் வரும் நேரம் கப்பல் துறைமுகத்தில் நிற்கும், காற்று இருக்காது, சத்தமும் இருக்காது, அவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விடுவார். "கீழ் வலது மூலையில் ரப்பர் விலகியிருக்கிறது" என்று இடத்தைச் சொல்லிக் காட்டினால் கீலையோ ரப்பரையோ சரிசெய்துவிட்டுப் போவார். சத்தத்தைப் போனில் பதிவுசெய்து வைப்பதும் நல்லது.

துவாய் வைத்தும் சத்தம் துளியும் குறையவில்லையென்றால் அது கதவில் வருவதில்லை. வெளியே கம்பியிலோ, பக்கத்துப் பல்கனியைப் பிரிக்கும் தடுப்பின் இடுக்கிலோ காற்று பட்டு வருகிறது. கப்பல் திசையை மாற்றும்போது சுருதியும் மாறினால் இதுவேதான். அதற்கு நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, காதுக்குப் பஞ்சு வையுங்கள், திசை மாறியதும் நின்றுவிடும்.

கட கட, கிர்ர் கிர்ர்: எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை

கப்பல் அசையும்போது முழுதுமாகக் கொஞ்சம் முறுகும், அது இயல்பு. கேபின் சுவர்ப் பலகைகள் அதோடு சேர்ந்து லேசாக முனகும், அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தொல்லை தருவது விட்டுவிட்டுத் தட்டும் சத்தம்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. விளக்கை அணைத்துவிட்டு, சந்தேகமான இடங்களில் ஒவ்வொன்றாக உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். அழுத்தும்போது சத்தம் நின்றால் அதுதான் இடம். முதலில் அலுமாரி: வெறும் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதும், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ரப்பர் வளையம் போட்டுவிடுங்கள். அடுத்தது லாச்சிகள், மடித்த கடதாசியை இடுக்கில் செருகுங்கள். குளியலறைக்குள் கண்ணாடிக் குவளை, பற்தூரிகை. பிறகு பல்கனி: கதிரை தடுப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும், அதைத் தள்ளி வைத்தாலே பாதி இரவுகள் அமைதியாகும். கடல் கொந்தளிக்கும் என்று அறிவித்தால் கதிரையைப் படுக்கப் போடலாம், சில கப்பல்களில் பணியாளர்களே வந்து கட்டிவிட்டுப் போவார்கள்.

பக்கத்துப் பல்கனிக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள தடுப்பு தட்டினால் மட்டும் நீங்கள் கை வைக்காதீர்கள். பல கப்பல்களில் அந்தத் தடுப்பு ஒரு கதவுதான், குடும்பங்கள் அடுத்தடுத்த கேபின் எடுத்தால் பணியாளர் சாவி போட்டுத் திறந்துவிடுவார். தாழ்ப்பாள் தளர்ந்தால்தான் தட்டும், கேபின் பணியாளர் ஒரு நிமிடத்தில் இறுக்கிவிடுவார். கூரைப் பலகை தட்டினாலும் அவர்கள்தான். (அண்ணன் குடும்பமும் நீங்களும் சேர்ந்து போவதானால் அடுத்தடுத்த கேபின் கேட்டு அந்தத் தடுப்பைத் திறந்துவிடச் சொல்லுங்கள், பல்கனி இரட்டிப்பாகும், பிள்ளைகள் நடைபாதையால் ஓடித்திரிய வேண்டியதில்லை.)

ஏசி நின்றுவிட்டது அல்லது குளிரவே இல்லை

கொழும்பில் இருந்து போகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது, ஏனென்றால் வீட்டில் கடற்காற்று வரட்டும் என்று கதவைத் திறந்துவைத்துப் பழகியிருக்கிறோம். பல கப்பல்களில் பல்கனிக் கதவில் ஒரு காந்த உணரி இருக்கிறது, கதவு திறந்த உடனே கேபின் ஏசி நின்றுவிடும். கதவு சாத்தியதுபோலத் தெரிந்தாலும் முழுதாகப் பூட்டாவிட்டால் அந்த உணரி "திறந்திருக்கிறது" என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆகவே மேலே விசிலுக்குச் சொன்னதேதான் இங்கேயும்: கைபிடியைக் கடைசி வரை திருப்பிவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள்.

அது சரியென்றால் அடுத்து வாசலில் கேபின் சாவி அட்டையைப் போட்டுவைக்கும் செருகியைப் பாருங்கள். அட்டையை எடுத்தால் சில கப்பல்களில் விளக்கோடு ஏசியும் குறைந்துவிடும், போன் சார்ஜும் நின்றுவிடும். மூன்றாவது வெயில். கண்ணாடிக் கதவு முழுச் சுவர் அளவு பெரியது, பின்னேர வெயில் நேராக விழுந்தால் எந்த ஏசியாலும் ஈடுகொடுக்க முடியாது, வெளியே போகும்போது திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போங்கள். இவ்வளவும் செய்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகும் வெக்கையாக இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள், அது உண்மையான பழுது.

கேபினுக்குள் தரை ஈரம், கண்ணாடியில் பனி, கமெராவில் புகை மூட்டம்

நம்மைச் சுற்றியுள்ள கடல்களில் காற்றில் ஈரப்பதம் அதிகம். 24, 25 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளிலும் அந்தக் காற்று பட்டால் தண்ணீர் துளிர்க்கும். 20 பாகையில் குளிரூட்டிய அறையில் கதவை அரை மணி நேரம் திறந்துவிட்டால் தரை, கண்ணாடி, ஏசி வாய் எல்லாவற்றிலும் ஈரம் படிவது அதனால்தான். ஏசி வாயிலிருந்து சொட்டுகிறது என்று முறைப்பாடு சொல்வதற்கு முன் கதவைச் சாத்தி இரண்டு மணித்தியாலம் பாருங்கள், நின்றுவிட்டால் பழுதில்லை. கதவு சாத்தியிருந்தும் சொட்டினால் தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கிறது, உடனே சொல்லுங்கள், இல்லாவிட்டால் கம்பளம் நாற்றமடிக்கும்.

காற்று வாங்க ஆசையென்றால் ஏசியின் வெப்பநிலையை முதலில் 25, 26 வரை கூட்டிவிட்டு அப்புறம் கதவைத் திறவுங்கள். அல்லது நீங்களே வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள், அதுதான் என் தெரிவு.

கமெராவுக்கும் இதே கதைதான். சூரிய உதயத்தைப் படம்பிடிக்க எழும்பி நேராக வெளியே கொண்டுபோனால் வில்லை முழுக்கப் பனி படிந்து, அது போவதற்குள் உதயம் முடிந்துவிடும். துடைத்துத் துடைத்துப் பயனில்லை, மறுபடி படியும். முதல் நாள் இரவே கமெராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைத்து, காலையில் பையோடு பல்கனியில் இருபது, முப்பது நிமிடம் விட்டுவிட்டுப் பிறகு வெளியே எடுங்கள். போனுக்கும் அப்படியே.

பல்கனி காலையில் நனைந்திருக்கிறது, கதிரை பிசுபிசுக்கிறது, கரும்புள்ளி விழுகிறது

மழை பெய்யாமலே ஈரம் என்றால் மேல்தளங்களை விடிய முன் கழுவியிருப்பார்கள், அல்லது இரவுப் பனி, அல்லது அலைத் தூவானம். கழுவும் நாள்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள், அன்று பல்கனியில் எதையும் விடாதீர்கள், கதவும் சாத்தியிருக்கட்டும். பிசுபிசுப்பு முழுக்க உப்புதான். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும், வறண்ட துணியால் துடைத்தால் பரவும். கண்ணாடித் தடுப்பில் உப்புப் படிந்து கடல் மங்கலாகத் தெரிந்தால் கேபின் பணியாளரிடம் கேளுங்கள், அவரிடம் ரப்பர் வழிப்பான் இருக்கும். வெள்ளைச் சட்டையோடு உட்கார முன் கதிரைத் திருகாணிகளில் துரு இருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள்.

கரும்புள்ளி புகைபோக்கியிலிருந்து வரும் கரி. கப்பலின் பின்பக்கப் பல்கனிகளில்தான் அதிகம். தேய்க்காமல் ஊதிவிடுங்கள், தேய்த்தால் துணியில் பிடித்துக்கொள்ளும். கதிரைக்கு அது நடந்தால் பணியாளர் மாற்றித் தருவார்.

மேலே உள்ள கூரையிலிருந்து தொடர்ந்து தண்ணீர் ஒழுகினால், அல்லது பல்கனித் தரையில் தண்ணீர் வடியாமல் தேங்கினால், வடிகால் அடைத்திருக்கிறது. அது உங்கள் வேலையில்லை.

உடுப்பு காயவில்லை, அல்லது பறந்துவிட்டது

பல்கனியில் கயிறு கட்டி உடுப்புக் காயப்போடுவதைப் பெரும்பாலான கப்பல்கள் தடைசெய்திருக்கின்றன. பார்வைக்கு அழகில்லை என்பதோடு, பறக்கிற துணி கீழ்ப் பல்கனியில் விழும், கடலில் விழும், தீப்பிடித்தால் பரவவும் உதவும். உப்புக் காற்றில் அது முழுதாகக் காய்வதும் இல்லை. குளியலறையில் சுவரிலிருந்து இழுக்கும் ஒரு மெல்லிய கயிறு பெரும்பாலும் இருக்கும், அதில் போடுங்கள், காற்றை வெளியே இழுக்கும் விசிறி அங்கே எப்போதும் ஓடுவதால் இரவுக்குள் காய்ந்துவிடும். கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் நன்றாக ஒட்டும். புறக்கோட்டையில் வாங்கி நாலைந்து கொண்டுபோங்கள், தொப்பி, பை, ஈரச் சட்டை எல்லாவற்றுக்கும் உதவும்.

பக்கத்துப் பல்கனியிலிருந்து சிகரெட் புகை

இதில் பொறுத்துப்போக வேண்டியதில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் பல்கனியில் புகைப்பதை முற்றாகத் தடைசெய்துவிட்டன, காரணமும் பாரதூரமானது. 2006 மார்ச் 23ஆம் திகதி கரீபியன் கடலில் ஸ்டார் பிரின்சஸ் என்ற கப்பலில் ஒரு பல்கனியில் தொடங்கிய தீ, பல்கனி பல்கனியாக மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் பரவிப் பெருந்தொகைக் கேபின்களை எரித்தது, ஒரு பயணி உயிரிழந்தார். அணைக்காமல் வீசிய சிகரெட் துண்டுதான் பெரும்பாலும் காரணம் என்று பிரித்தானியக் கடல்விபத்து விசாரணைப் பிரிவு முடிவுக்கு வந்தது. அந்தக் காலத்துப் பல்கனித் தடுப்புகளும் கதிரைகளும் எரியக்கூடிய பிளாஸ்டிக்காக இருந்தன. அதற்குப் பிறகுதான் பல்கனிகளில் எரியாத பொருள், தீ உணரி, தண்ணீர் தெளிப்பான் பற்றிய சர்வதேச விதிகள் வந்து 2008 ஜூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தன.

எனவே புகை வந்தால் தடுப்புக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சண்டை பிடிக்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு வரவேற்பு மேசைக்கு போன் பண்ணி, உங்கள் கேபின் இலக்கம், புகை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு என்று மூன்றையும் சொல்லுங்கள். மணமும் புகையும் காற்றுக்குக் கொஞ்சம் தள்ளியும் வரும் என்பதால் இன்னார்தான் என்று இலக்கம் சொல்லிக் குற்றஞ்சாட்ட வேண்டாம், அவர்களே பார்ப்பார்கள். சில கப்பல்களில் ஒரு பக்கத்துச் சில பகுதிகளில் புகைக்க இன்னும் அனுமதி உண்டு, பதிவுசெய்யும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து நம் ஆட்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். விடிய எழும்பி சூரியனைக் கும்பிடப் பல்கனி நல்ல இடம், அதில் ஐயமில்லை. ஆனால் கற்பூரம், ஊதுபத்தி, சாம்பிராணி, விளக்கு எதையும் பல்கனியிலோ கேபினிலோ ஏற்றக் கூடாது. மேலே சொன்ன அதே தீதான் காரணம். அம்மம்மா கோபித்தாலும் இதை ஊரிலேயே விளக்கிச் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். தேநீருக்கென்று மின்கேத்தல், இஸ்திரிப்பெட்டி கொண்டுபோவதும் இதே கணக்கு, ஏறும்போதே சோதனையில் எடுத்து வைத்துவிட்டுக் கடைசி நாள்தான் தருவார்கள். சுடுதண்ணீர் கேட்டால் கொண்டுவந்து தருவார்கள், ஒரு நல்ல பிளாஸ்க் போதும்.

வெயில் தாங்க முடியவில்லை

எந்தப் பக்கக் கேபின் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு, புக்கெட் பக்கம் போகும்போது கப்பலின் முகம் வடமேற்கு. இடப்பக்கக் கேபின் தென்மேற்கைப் பார்க்கும், பின்னேர வெயில் முழுக்க அங்கே விழும். வலப்பக்கத்துக்குக் காலை வெயில். திரும்பி வரும்போது அப்படியே மாறும், அதனால் போய்த் திரும்புகிற பயணத்தில் எந்தப் பக்கம் எடுத்தாலும் பெரிய இழப்பில்லை. கொழும்பிலிருந்து தெற்கே காலி, அம்பாந்தோட்டைப் பக்கம் கரையோரமாகப் போகிற கப்பலில் இடப்பக்கம் கரை தெரியும், வலப்பக்கம் சூரிய அஸ்தமனம். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் மேற்கு நோக்கிப் போகும் கப்பலில் இடப்பக்கப் பல்கனிக்கு நாள் முழுக்க வெயில்தான். கேபின் இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று வைத்துப் பக்கத்தை ஊகிக்காதீர்கள், கப்பலுக்குக் கப்பல் மாறும், தள வரைபடத்தைப் பாருங்கள்.

ஏறிய பிறகு மாற்றுவது எளிதில்லை. ஆகவே நிழலான நேரத்தில் பல்கனி, வெயில் நேரத்தில் கப்பலின் மறுபக்கத் திறந்த தளம் என்று நாளை வகுத்துக்கொள்ளுங்கள்.

விடிய ஐந்து மணிக்குக் கட்டில் அதிர்கிறது

துறைமுகத்துக்குள் நுழையும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகள் ஓடும். அவை முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் அந்தப் பகுதியின் தாழ்ந்த தளங்களில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் கேட்கும். நங்கூரம் போடும் இடமென்றால் முன்பக்கத்தில் சங்கிலிச் சத்தமும் சேரும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். துறைமுகம் நெருங்கும் காட்சி பல்கனிக்காரர்களுக்குக் கிடைக்கிற நல்ல காட்சிகளில் ஒன்று, எழும்பியது எழும்பியாயிற்று, வெளியே போய் நின்று பாருங்கள்.

நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே இருந்தால் அது வேறு, பின்பக்கக் கேபின்களில் பிரதான உந்தியின் அதிர்வு. தலைக்கு மேலே காலை ஆறு மணிக்குக் கதிரை இழுக்கும் சத்தம் வந்தால் நீங்கள் நீச்சல்தளத்துக்கு நேர்கீழே இருக்கிறீர்கள். இரண்டுக்கும் மருந்து பதிவுசெய்யும்போதுதான் இருக்கிறது: கப்பலின் நடுப்பகுதி, மேலேயும் கீழேயும் கேபின்களே உள்ள தளம்.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது வரும் தொல்லைகள்

கடலின் நடுவே நுளம்பு தொல்லை இல்லை, கரையில் உண்டு. டெங்கு நுளம்பு கடிப்பது காலையிலும் மாலை மங்க முன்னும் என்பது கொழும்பு ஆட்களுக்குப் பாடமாகத் தெரியும், பினாங்கிலும் அதுவேதான். துறைமுகத்தில் அந்த நேரங்களில் கதவைச் சாத்தி வையுங்கள். சாப்பாட்டுத் தட்டைப் பல்கனியில் விடாதீர்கள், நம் துறைமுகம் என்றால் காகம், வேறிடம் என்றால் கடற்பறவைகள்.

கொள்கலன் துறைமுகங்களில் இரவிலும் வேலை நடக்கும், பாரந்தூக்கிகளின் வெளிச்சமும் எச்சரிக்கை ஒலியும் ஓயாது. திரைச்சீலை நடுவே சேராமல் வெளிச்சம் கசிந்தால் காற்சட்டை மாட்டும் கிளிப் ஹேங்கர் ஒன்றால் இரண்டு திரையையும் சேர்த்துக் கவ்வவிடுங்கள். கரையோடு நிற்கும்போது உங்கள் பல்கனி எல்லாருக்கும் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம், உடை மாற்ற முன் திரையை இழுங்கள்.

சில கடற்பகுதிகளில் கப்பலே பல்கனி விளக்கை அணைக்கச் சொல்லும். ஏடன் வளைகுடா போன்ற கடற்கொள்ளை அச்சமுள்ள இடங்களில் இரவில் விளக்கணைத்துத் திரை மூடச் சொல்வார்கள். முன்பக்கம் பார்க்கும் கேபின்களுக்கு எப்போதுமே இரவில் திரை மூட வேண்டும், அந்த வெளிச்சம் கப்பலோட்டுகிறவர்களின் கண்ணுக்குத் தடை. அவர்கள் சொல்வதைக் கட்டாயம் செய்யுங்கள்.

இன்னும் சில, சுருக்கமாக

குளியலறையில் சாக்கடை மணம்: தரை வடிகாலின் வளைவில் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள், நிற்காவிட்டால் சொல்லுங்கள்.

பிளக் பொருந்தவில்லை: நம் மூன்று முனை பிளக் பெரும்பாலான கப்பல்களில் நேராகப் பொருந்தாது. அமெரிக்கத் தட்டை முனையும் ஐரோப்பிய உருண்டை முனையும்தான் வழக்கம், அதற்கேற்ற மாற்றியோடு போங்கள். மின்னழுத்தப் பாதுகாப்புள்ள நீட்டிப்புப் பலகை வேண்டாம், எடுத்துவைத்துவிடுவார்கள். யுஎஸ்பி துளைகள் மட்டும் உள்ள சின்னச் சார்ஜர் போதும்.

போன் கட்டணம் எகிறியது: பல்கனியில் நின்றால் கரையின் சிக்னல் கிடைக்கும் என்று நினைத்துத் திறந்து வைக்காதீர்கள், கப்பலின் கடல்வழி வலையமைப்பில் அது ஒட்டிக்கொள்ளும், ரோமிங் கட்டணம் பயங்கரம். ஏறியதும் விமான நிலைக்கு மாற்றி, வைஃபை மட்டும் போடுங்கள்.

பக்கத்துப் பல்கனிப் பேச்சு காதில் விழுகிறது: தடுப்பு பார்வையைத்தான் மறைக்கும், சத்தத்தை இல்லை. உங்கள் பேச்சும் அப்படியே அவர்களுக்குக் கேட்கிறது, தமிழ் விளங்காது என்று நம்பி எதையும் சொல்லிவிட வேண்டாம், சிங்கப்பூர்க் கப்பலில் தமிழர்கள் தாராளம்.

எல்லாம் செய்தும் சரிவரவில்லை

முதலில் கேபின் பணியாளர். கேபினைச் சுத்தம்செய்கிறவர் அவர்தான், பெரும்பாலும் உங்கள் குறைக்கு அவரிடமே மருந்து இருக்கும். முதல் நாள் பின்னேரம் அவர் வந்து அறிமுகம் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அவரால் முடியாவிட்டால் வரவேற்பு மேசை, அங்கே முறைப்பாட்டைப் பதிவுசெய்யச் சொல்லி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்குள் யாரும் வராவிட்டால் நேரில் போய், குரலை உயர்த்தாமல், அந்த நேரத்தைச் சொல்லி மறுபடி கேளுங்கள். நம்மவர்கள் பலர் "சரி, இன்னும் மூன்று நாள்தானே" என்று பொறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கோபப்படுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எழுதும் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு, கப்பலில் இருக்கும்போது பதிவான முறைப்பாட்டுக்குத்தான் ஏதாவது நடக்கும்.

கேபின் மாற்றம் கேட்பதானால் முதல் நாளிரவே கேளுங்கள். கடைசி நேரத்தில் வராதவர்களின் கேபின்கள் எவை என்று கப்பல் கிளம்பிய பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். காலியாக இல்லையென்றால் "காலியானால் எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மாற்றித் தருகிற கேபின் எந்தத் தளம், எந்தப் பக்கம், அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்த பிறகே சம்மதியுங்கள். முடிந்தால் சாமானைக் கட்ட முன் ஒருதரம் போய்ப் பார்த்து, அந்தப் பல்கனிக் கதவைச் சாத்தி, கைபிடியைக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள்.